பிடிஎஃப் படவில்லை கூட்டத்துக்கு, குறிப்பு நமக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் பேச்சு, நூல் அறிமுகம், முன்னாள் மாணவர் சந்திப்பு என்று எது நடந்தாலும், மடிக்கணினியைப் புரொஜெக்டரில் மாட்டிக் கொடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். இங்கே பலருக்கு புரொஜெக்டர் என்றால் எல்சிடி. அதனால் நான் ‘எல்சிடி தம்பி’. ஐம்பது வயதைத் தாண்டியும் தம்பிதான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், முன்னாள் கிராணி (தோட்டத்துக் கணக்கர்), பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை என்று யார் பேச வந்தாலும் கேட்பது ஒன்றைத்தான்: “படவில்லை (ஸ்லைடு) கூட்டத்துக்குத் தெரியணும், என் குறிப்பு எனக்கு மட்டும் தெரியணும். பிடிஎஃப் கோப்பில் முடியுமா?” முடியும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

பிடிஎஃப்பைத் திறந்து முழுத்திரை ஆக்கினால் குறிப்பு ஏன் வருவதில்லை?

பிடிஎஃப் அச்சடித்த தாளைப் போன்றது. பவர்பாயிண்டில் ஒவ்வொரு படவில்லைக்கும் கீழே குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. பிடிஎஃப் பக்கத்தில் அப்படி ஒன்று கிடையாது. பவர்பாயிண்டிலிருந்து சாதாரணமாக பிடிஎஃப் ஆக்கினால் படவில்லை மட்டும்தான் வரும், குறிப்பு அங்கேயே நின்றுவிடும். அடோபி ரீடரோ இணைய உலாவியோ பக்கத்தைப் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு வேலை இருக்கிறது. குறிப்புக்கு நாமே ஓர் இடம் தேட வேண்டும். அப்புறம், அந்த இடத்தை நம் திரையில் மட்டும் காட்டும் மென்பொருளை எடுக்க வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்குப் பவர்பாயிண்டிலேயே பேசிவிடலாமே?

உங்கள் சொந்த மடிக்கணினி, நீங்கள் செய்த கோப்பு, புரொஜெக்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்றால் தாராளமாகப் பேசுங்கள். குறிப்பை நம் திரையில் மட்டும் காட்டும் பேச்சாளர் காட்சி அதில் ஏற்கெனவே இருக்கிறது. பிடிஎஃப்தான் உயர்ந்தது என்று நான் வாதாட மாட்டேன்.

சிக்கல் தமிழ் எழுத்துருவில் வருகிறது. வீட்டில் ஓர் எழுத்துருவில் செய்திருப்பீர்கள்; மண்டபத்துக் கணினியில் அது இருக்காது. வேறு எழுத்துரு வந்து உட்காரும், வரி உடையும், தலைப்பு படத்தின் மேல் ஏறிக்கொள்ளும். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பாக இருந்தால் இன்னும் மோசம், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வரும். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் பிறந்த நாடு இது. முத்து நெடுமாறன் 1985இலேயே இங்கே தமிழை முரசு மூலம் கணினியில் ஏற்றிவிட்டார். ஆனாலும் மண்டபத்துக் கணினிகளில் இந்தக் கூத்தை இன்றும் பார்க்கிறேன்.

பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னோடே சுமந்து போகும். வீட்டில் பார்த்தபடியே மண்டபத்திலும் தெரியும். அது ஒன்றுக்காகத்தான் பலர் இதற்கு மாறுகிறார்கள்.

எதை நிறுவினாலும் என் குறிப்பு பெரிய திரையில்தான் விழுகிறது. ஏன்?

கூப்பிட்டுப் பேசுபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் பிரச்சினை. மென்பொருளில் ஒரு கோளாறும் இல்லை. கணினி இரண்டு திரையையும் ஒரே திரையாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

விண்டோஸில் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே பி (P) எழுத்தைத் தட்டுங்கள். நான்கு தேர்வுகள் வரும்: கணினித் திரை மட்டும், நகல், விரிவு, இரண்டாம் திரை மட்டும். பெரும்பாலும் நகலில் நிற்கும். நகல் என்றால் உங்கள் திரையில் தெரிவதெல்லாம் சுவரிலும் தெரியும். விரிவைத் தேர்ந்தெடுத்தால்தான் சுவர் ஒரு தனித்திரை ஆகும். மேக் கணினியில் திரை அமைப்புக்குள் போய், பிரதிபலிப்பதை நிறுத்த வேண்டும்.

ஓர் ஆசிரியைக்கு நான் சொன்ன உவமை: தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரே அறையில் குடும்பம் முழுக்க இருந்த மாதிரி நகல்; நடுவில் பலகைச் சுவர் அடித்து இரண்டு அறை ஆக்கிய மாதிரி விரிவு. “எங்க வீட்டில் கோணிச் சாக்குதான் சுவர், தம்பி” என்றார். அதன்பிறகு மறக்கவில்லை.

விரிவாக்கியதும் இன்னொரு குழப்பம் வரும். சுட்டி காணாமல் போகும். அது வலப்பக்கம் நகர்ந்து சுவருக்குப் போயிருக்கும். இடப்பக்கம் இழுத்தால் திரும்பி வரும்.

எந்த மென்பொருள்?

விண்டோஸில் பிம்பிரஸ் (pympress). இலவசம், நேரடியாக நிறுவலாம், லினக்ஸிலும் ஓடும். லினக்ஸ்காரர்களுக்குப் பிடிஎஃப்பிசி (pdfpc) என்று இன்னொன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், ஆனால் விண்டோஸில் அதை ஏற்றுவது எல்லாருக்கும் சரிப்படாது. மேக்கில் ஸ்கிம் (Skim). அதில் படவில்லைக்கு ஒரு பிடிஎஃப், குறிப்புக்கு இன்னொரு பிடிஎஃப் என்று வைத்து, இரண்டையும் சேர்ந்தே நகரச் செய்யலாம்.

முதல் இரண்டிலும் உங்கள் திரையில் இப்போதைய படவில்லை, அடுத்த படவில்லை, கடிகாரம், குறிப்பு எல்லாம் சேர்ந்து தெரியும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிவது குறிப்பைவிடப் பெரிய உதவி என்பேன். அது தெரிந்தால் வாய் தானாக அதை நோக்கிப் போகும்.

குறிப்பை எங்கேதான் வைப்பது?

மூன்று இடம் இருக்கிறது.

முதலாவது, பக்கத்திலேயே. ஒவ்வொரு பக்கத்தையும் இரு மடங்கு அகலமாக்கி, இடப்பாதியில் படவில்லை, வலப்பாதியில் குறிப்பு. மென்பொருள் பக்கத்தை நடுவில் வெட்டி ஒரு பாதியைச் சுவருக்கும் மறுபாதியை உங்களுக்கும் தரும். எல்லாம் ஒரே கோப்பில் இருப்பதால் எதுவும் தொலையாது. பவர்பாயிண்டில் செய்பவர்களும் படவில்லையின் அகலத்தை இரட்டிப்பாக்கி வலப்பக்கம் குறிப்பு எழுதி பிடிஎஃப் ஆக்கலாம். கொஞ்சம் முரட்டு வழி, ஆனால் வேலை செய்யும். அகலத்தை முதலிலேயே மாற்றுங்கள்; எல்லாம் செய்து முடித்த பிறகு மாற்றினால் படங்கள் இழுபட்டு, ஒல்லியான தாத்தாகூடக் குண்டாகிவிடுவார்.

இரண்டாவது, தனிக் கோப்பில். பிடிஎஃப்பிசியில் பேச்சுக்கு முன் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் குறிப்பைத் தட்டலாம். அது பிடிஎஃப்புக்குள் போகாது. பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பாகச் சேமிக்கப்படும். இதில் இரண்டு பொறி. பென்டிரைவில் பிடிஎஃப்பை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வந்தால் குறிப்பு வீட்டிலேயே தங்கிவிடும். இன்னொன்று, குறிப்பு பக்க எண்ணோடு கட்டப்பட்டது. கடைசி நேரத்தில் நடுவில் ஒரு படத்தைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள குறிப்பெல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போகும். திருமணப் படம் சுவரில் இருக்க, குறிப்பு இறுதிச் சடங்கைப் பற்றிச் சொல்லும்.

மூன்றாவது, பிடிஎஃப்பின் கருத்துக் குறியாக. அடோபி ரீடரில் பக்கத்தின் மேல் மஞ்சள் சீட்டு ஒட்டுவோமே, அதேதான். பிம்பிரஸ் அந்தக் கருத்துகளை உங்கள் திரையில் எழுத்தாகக் காட்டும். சீட்டின் சின்னம் சுவரிலும் தெரிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் வழி. ஒரே கோப்பு என்பதற்கு ஈடில்லை.

லாடெக்கில் பீமர் பயன்படுத்துகிறேன். அதில் வழி இருக்கிறதா?

லாடெக் என்பது கட்டளை எழுதி ஆவணம் செய்யும் மென்பொருள், பீமர் அதில் படவில்லை செய்யும் தொகுப்பு. பீமர்காரர்களுக்குத்தான் இது மிகச் சுலபம். டில் டன்டாவ் தம் முனைவர் பட்ட உரைக்காக 2003இல் முதன்முதலில் எழுதிய தொகுப்பு அது. பேசுபவரின் அவதி தெரிந்தே செய்திருக்கிறார். ஒவ்வொரு படவில்லைக்கும் நோட் கட்டளையில் குறிப்பு எழுதுங்கள். முகப்பில் பிஜிஎஃப்பேஜஸ் தொகுப்பைச் சேர்த்து, ‘ஷோ நோட்ஸ் ஆன் செகண்ட் ஸ்கிரீன்’ என்ற தேர்வை ரைட் என்று வைத்தால் மேலே சொன்ன இரட்டை அகலப் பக்கம் தானாக வந்துவிடும். 16க்கு 9 வடிவில் 160 மில்லிமீட்டர் அகலமுள்ள பக்கம் 320 ஆகும், உயரம் அதே 90தான். குறிப்பை மட்டும் அச்சடிக்க ‘ஷோ ஒன்லி நோட்ஸ்’ என்று தனித்தேர்வும் உண்டு.

தமிழில் எழுதுவதானால் லுவாலாடெக்கை ஹார்ஃப்பஸ் முறையில் ஓட்டுங்கள். பழைய பிடிஎஃப்லாடெக் யூனிகோடுத் தமிழுக்குச் சரிவராது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது.

இரட்டை அகலக் கோப்பை மண்டபத்துக்கு மின்னஞ்சலில் முன்கூட்டியே அனுப்பிவிடலாமா?

வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத் துண்டாடலைப் பற்றி நானே ஒரு பேச்சுப் பேசினேன். மலாயா விடுதலை அடையும் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு துண்டாக மறுபடி விற்று, பால்மரம் சீவியவர்கள் வீடும் வேலையும் இழந்த கதை. ஏற்பாட்டாளர்கள் கோப்பை முன்னதாகக் கேட்டார்கள், அனுப்பினேன். அன்று அவர்களுடைய கணினியில்தான் போட வேண்டும் என்றார்கள். அதில் இருந்தது சாதாரண பிடிஎஃப் வாசிப்பான். திறந்ததும் இடப்பாதியில் படம், வலப்பாதியில் என் குறிப்பு, முழுசாகச் சுவரில். “இங்கே தண்ணீர் குடி.” “தலைவர் பெயரை மறந்துவிடாதே.” “இவர்கள் சிரிக்கவில்லை என்றால் அடுத்த கதையை விடு.” கடைசி வரியைக் கூட்டமே சேர்ந்து வாசித்தது. அன்றைக்கு அந்தக் கதைக்குத்தான் நிறையச் சிரித்தார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது இரண்டு கோப்பு செய்வேன். வெளியே போவது படவில்லை மட்டும் உள்ளது. குறிப்புள்ளது என் மடிக்கணினியை விட்டு நகராது. கோப்பின் பெயரிலேயே ‘குறிப்போடு’ என்று எழுதி வைப்பேன்.

பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். அப்போது?

இரண்டு சன்னல் வழி. படவில்லை ஒரு பிடிஎஃப், குறிப்பு இன்னொரு பிடிஎஃப். திரையை விரிவாக்கி, படவில்லையைச் சுவருக்கு இழுத்து முழுத்திரை ஆக்குங்கள். குறிப்பை மடிக்கணினித் திரையில் திறந்து வையுங்கள். ஒரு வாசிப்பான் இரண்டு கோப்பையும் ஒரே சன்னலில் தாவல்களாகத் திறந்தால், ஒன்றை வாசிப்பானிலும் மற்றதை உலாவியிலும் திறந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: விசையைத் தட்டினால் கடைசியாகச் சொடுக்கிய சன்னல்தான் நகரும். குறிப்பைச் சொடுக்கிவிட்டு அம்புக்குறியைத் தட்டினால் குறிப்பு ஓடும், சுவர் அசையாது. ஆகவே படவில்லைச் சன்னலைச் சொடுக்கிவிட்டு அப்படியே விடுங்கள். குறிப்பைச் சுட்டியின் சக்கரத்தால் உருட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் 10 முதல், சுட்டி எதன் மேல் இருக்கிறதோ அது சொடுக்காமலே உருளும்.

குறிப்பைக் கைபேசியில் வைத்துக்கொண்டால் என்ன?

நல்ல வழிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. திரை அணையும் நேரத்தை நீட்டிவிட்டு, விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லாவிட்டால் 1948 அவசரகாலத்தைப் பற்றிப் பேசும்போது மருமகள் வாட்ஸ்அப்பில் மீன் விலை அனுப்புவாள்.

குறிப்பில் என்ன எழுத வேண்டும்?

முழுப் பேச்சையும் எழுதாதீர்கள். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். முழு வாக்கியம் கண்ணில் பட்டால் வாய் அதை வாசிக்கத் தொடங்கும். தலை குனியும், குரல் பள்ளிப் பாட வாசிப்பு மாதிரி ஆகிவிடும். அப்புறம் கூட்டம் தேநீர் மேசையைப் பார்க்கும்.

தப்பாகச் சொன்னால் அவமானமாகிற விஷயங்களைத்தான் குறிப்பில் வைக்க வேண்டும்: ஆண்டு, தொகை, ஊர்ப் பெயர், ஆள் பெயர். சுங்கை சிப்புட்டில் அவசரகாலத்தை (கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார ஆட்சி 1948இல் அறிவித்தது) பற்றிப் பேசினால் முன் வரிசையில் அதை நேரில் பார்த்தவரின் பிள்ளை உட்கார்ந்திருப்பார். மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டது 1948 ஜூன் 16. அதை ஜூலை என்று சொல்லிப் பாருங்கள், கை உயரும்.

என் குறிப்பு ஒன்றை அப்படியே தருகிறேன். சுவரில் இருந்தது தோட்டத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய தலைவர் வீ. தி. சம்பந்தனின் படம். என் திரையில்:

1960, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம்
பங்கு 100 வெள்ளி, பத்துப் பத்தாகத் தவணை
இந்த ஊர்க்காரர் (பிறப்பு 1919)
அத்தையின் தகர டப்பா
2 நிமிடம்

அவ்வளவுதான். துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்களே பணம் போட்டுத் தோட்டம் வாங்கிய கதையை எனக்கு யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. அத்தை தவணைக் காசைப் பிஸ்கட் டப்பாவில் சேர்த்ததை நான் கண்ணால் பார்த்தவன். ‘தகர டப்பா’ என்ற இரண்டு சொல் போதும், மூன்று நிமிடம் பேசிவிடுவேன். பிரச்சினையே அதுதான், அதனால்தான் கீழே ‘2 நிமிடம்’.

எழுத்தைப் பெரிதாக வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், ஒரு வரியில் நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். நின்றுகொண்டு, மேசைமேல் உள்ள திரையை ஒரு கை தூரத்துக்கும் அப்பாலிருந்து பார்ப்பீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்க முடிகிறதா என்று வீட்டில் சோதியுங்கள்.

பழைய பிடிஎஃப் ஒன்றிலிருந்து தமிழை நகலெடுத்துக் குறிப்பில் ஒட்டினால் எழுத்து குழம்புகிறது.

குழம்பத்தான் செய்யும். பிடிஎஃப்புக்கு எழுத்தின் உருவமும் இடமும்தான் முக்கியம். கொம்பும் காலும் எந்த எழுத்தைச் சேர்ந்தவை என்ற வரிசை பல கோப்புகளில் ஒழுங்காக இருப்பதில்லை. ‘கொ’ என்பது மூன்று துண்டாக வந்து விழும். ஐந்து வரிதானே, கையால் தட்டிவிடுங்கள்.

கிளிக்கர் (படவில்லையை நகர்த்தும் கைக்கருவி) வேலை செய்யுமா?

செய்யும். கணினிக்கு அது ஒரு விசைப்பலகை. பக்கம் மேலே, பக்கம் கீழே என்ற விசைகளை அனுப்புகிறது. மின்கலம் ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது சுவரை மறைக்க முடியுமா?

பிடிஎஃப்பிசியில் பி (B) விசை சுவரைக் கறுப்பாக்கும். எஃப் (F) விசை சுவரில் உள்ள படத்தை அப்படியே உறைய வைக்கும். நீங்கள் பின்னால் போய் வேறு பக்கம் தேடலாம், கூட்டத்துக்குத் தெரியாது. யாராவது ஒரு பெரியவர் எழுந்து தம் கதையைச் சொல்லத் தொடங்கினால் நான் உடனே கறுப்பாக்கிவிடுவேன். எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கட்டும்.

நேரம் தெரிய வேண்டும். கடிகாரம் எப்படி?

பிடிஎஃப்பிசியில் பேச்சின் நீளத்தை நிமிடத்தில் கொடுத்தால் அது கீழ்நோக்கி எண்ணும். நாம் மாற்றாவிட்டால் கடைசி 5 நிமிடத்தில் நிறம் மாறும். பிம்பிரஸிலும் கடிகாரம் உண்டு. ஏற்பாட்டாளர் 20 நிமிடம் என்றால் 17 என்று கொடுங்கள். மாலை அணிவிக்கிற நேரமும் உங்கள் கணக்கில்தான் போகும்.

ஜூமில் பேசினால் குறிப்பு மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா?

முழுத்திரையைப் பகிராதீர்கள், சன்னலைப் பகிருங்கள். இந்த மென்பொருள்கள் இரண்டு சன்னல் திறக்கும்: ஒன்று கூட்டத்துக்கு, ஒன்று உங்களுக்கு. கூட்டத்துக்கான சன்னலை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே திரை உள்ள மடிக்கணினியிலும் இது நடக்கும், இரண்டையும் முழுத்திரையிலிருந்து இறக்கிச் சிறிதாக்கினால் போதும். பகிர்ந்ததும் நண்பர் ஒருவரிடம் “என்ன தெரியுது?” என்று கேட்டுவிடுங்கள்.

மழையில் மின்சாரம் போய்விட்டால்?

இங்கே மாலை மழையைச் சொல்லவா வேண்டும். குறிப்பை ஒரு தாளில் அச்சடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். பவர்பாயிண்டில் குறிப்புப் பக்கமாக அச்சடித்தால் மேலே சின்னப் படமும் கீழே குறிப்பும் வரும். லிப்ரே ஆபிஸில் பிடிஎஃப் ஆக்கும்போதே குறிப்புப் பக்கங்களையும் சேர்க்கச் சொல்லலாம். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது ஒலிபெருக்கியும் இல்லாவிட்டால் குறிப்பு இருந்து பயனில்லை. நின்று தேநீர் குடித்துவிட்டுப் பேசுங்கள்.

மண்டபத்துக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும்?

ஒரு மணி நேரம். பழைய புரொஜெக்டரில் நீல நிற விஜிஏ முனைதான் இருக்கும், உங்கள் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ இருக்கும். இடையில் மாட்டும் இணைப்பியை நீங்களே கொண்டுபோங்கள், “மண்டபத்தில் இருக்கு” என்பதை நம்பாதீர்கள். மாட்டி, விரிவாக்கி, முதல் மூன்று பக்கம் நகர்த்தி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து பாருங்கள். குறிப்பு சுவரில் இல்லை, உங்கள் திரையில் இருக்கிறது என்றால் சரி, போய்ப் பசியாறிவிட்டு வாருங்கள். மடிக்கணினியை மட்டும் மூடிவிட்டுப் போகாதீர்கள். மூடினால் அது தூங்கிவிடும், எழுப்பும்போது திரை அமைப்பு மறுபடி நகலுக்குப் போயிருந்தாலும் போயிருக்கும்.